ஒன்பதாம் மாடியிலிருந்து இறங்கி வந்த குளியலறை

ஆடிக் காற்று மணலை வாரி எல்லார் கண்ணிலும் போட்டுக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ முடிந்து கலவை மெஷின் மறுபடியும் சுற்றத் தொடங்கிய நேரத்தில், ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு குளியலறை இறங்கி வந்தது. சாரத்தைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், புதிதாக வேலைக்கு வந்தவன் ஒவ்வொரு கட்டையையும் மிதித்துப் பார்த்து இறங்குவது போல மாடி மாடியாக நின்று நின்று இறங்கி, மணல் குவியலுக்கும் ஜல்லிக் குவியலுக்கும் நடுவே இருந்த காலி இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டு, கதவைத் திறந்து வைத்தது. மேஸ்திரி கோதண்டம் அண்ணாந்து பார்த்தார். “ஏய், செங்கல் அடுக்குல இடிச்சிடப் போவுது, பாத்து,” என்றார். கலவை மெஷின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

முழு அறை அது. கூரை வரைக்கும் வெள்ளை டைல்ஸ், நடுவில் ஓர் இளநீலப் பட்டை, பிளாஸ்டிக் உறை பிரிக்காத வெஸ்டர்ன் கக்கூஸ், கை கழுவும் தொட்டி, ஸ்டிக்கர் உரிக்காத கண்ணாடி, கதவுக்குப் பின்னால் துண்டு போட ஒரு கம்பி. எந்தக் குழாயோடும் அதற்குத் தொடர்பில்லை, ஆனாலும் திருகினால் தண்ணீர் வந்தது, அந்தத் தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டும் இருந்தது, எங்கே என்று கடைசி வரை யாரும் தேடவில்லை. அது ஒன்பதாம் மாடி அறைதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதற்கு டைல்ஸ் ஒட்டியவன் நான். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டைல்ஸ் நூலளவு கோணலாக இருக்கும். என் கோணலை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

சென்னைக்குத் தெற்கே, சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும் பெரிய சாலையில் அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தில் ஏதோ பூவின் பெயர் போட்டிருந்தார்கள், நாங்கள் அதை ஒருநாளும் சொன்னதில்லை, எங்களுக்கு அது வெறும் சைட்டு. ஒரு வீட்டுக்கு மூன்று குளியலறை என்று இருபதுக்கு மேற்பட்ட மாடிகளில் அத்தனையையும் நாங்கள்தான் கட்டினோம், நாங்கள்தான் டைல்ஸ் ஒட்டினோம், நாங்கள்தான் குழாய் பொருத்தித் தண்ணீர் வருகிறதா என்று திருகிப் பார்த்தோம், பொருத்தி முடித்த அன்றே அறையைப் பூட்டிச் சாவியை ஆபீசுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எங்களுக்கென்று தகரம் மறைத்த ஒரு குழி இருந்தது. முதல் மழையில் அது நிறைந்து, தகரம் சரிந்து, அந்தப் பக்கமே யாரும் போக முடியாமல் ஆனது. அதற்குப் பிறகு ஆண்களுக்கு மதில் சுவர், பெண்களுக்கு இருட்டு என்று ஏற்பாடு.

சித்தாள் பெண்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து சதுப்பு ஓரத்துச் சீமைக்கருவேலப் புதருக்குப் போய்வருவார்கள், அடுத்தது பொழுது சாய்ந்த பிறகுதான். இரண்டுக்கும் நடுவே பகல் என்று ஒன்று இருந்தது, அதில் வெயில் இருந்தது, தலையில் சட்டி சட்டியாகக் கலவை இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குக் கன்னம் சுழற்றி, துப்பிவிடுவார்கள். ஒரு சொட்டு உள்ளே போகாமல் அதைச் செய்ய வேண்டும், எங்கள் சித்தாள்கள் அதில் கெட்டிக்காரிகள். அதே பெண்கள்தான் நாளெல்லாம் டியூபைப் பிடித்துக்கொண்டு தூணுக்கும் தளத்துக்கும் தண்ணீர் விட்டார்கள். “நல்லா விடு, நல்லா விடு, கான்கிரீட்டுக்குத் தாகம் எடுத்தா வெடிச்சிரும்,” என்று மேஸ்திரி கத்திக்கொண்டே இருப்பார். சாக்கு சுற்றிய தூண்கள் வயிறு முட்டக் குடித்துவிட்டுக் குளிர்ச்சியாக நின்றன.

காசாம்பு அப்படித் தண்ணீர் விடுகிறவள். அரூர்ப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் வேடியப்பன் கம்பி கட்டுகிறவன். இதற்கு முந்தைய சைட்டுகளில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயின, இது மூன்றாவது, ஏழாம் மாதம். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு அவளைக் கடிந்துகொண்டதை, அவளே டீக்கடை நாகபூஷணத்திடம் சொல்ல நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

“பனிக்குடத்துல தண்ணி கொறஞ்சுகிட்டே வருதாம் அக்கா. தண்ணி குடிக்கிறியா இல்லியான்னாங்க. குடிக்கிறேங்கம்மான்னேன். பொய் சொல்லாத, நாக்கக் காட்டுன்னாங்க.”

“அப்புறம்?”

“குடிச்சாதான் இந்தப் புள்ளையாச்சும் தங்குமாம்.”

“குடியேண்டி, யாரு வேணாம்னா?”

“குடிச்சிட்டு எங்கக்கா போறது?” என்றாள் காசாம்பு. நாகபூஷணம் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை குளியலறை இறங்கி வந்து கதவைத் திறந்து வைத்தபோது, அது யாருக்காக வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பெண்கள் சட்டிகளைத் தலையிலிருந்து இறக்காமலே அவளைப் பார்த்தார்கள். காசாம்பு டியூபைக் கீழே போட்டாள், சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தாள், வாசலில் ஒரு நொடி நின்று காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள், உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. மெஷின்காரன் அப்போதுதான் மெஷினை நிறுத்தினான். தண்ணீர் விழும் சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள், முகம் கழுவி, நெற்றி முடியெல்லாம் நனைந்து, உடம்பே ஒரு சுற்று லேசாகிவிட்டவளாக.

“உள்ள எப்படிடி இருக்குது?” என்று நாகபூஷணம் கேட்டாள்.

“தாப்பா இருக்குதுக்கா,” என்றாள் காசாம்பு. சொல்லும்போது அவள் கண் கலங்கியது.

காரணம் கேட்கிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள், எங்கள் சைட்டிலும் இருந்தார்கள். எங்கள் தொழிலில் நிலை வைப்பது என்று ஒன்று உண்டு. தலைவாசல் நிலையை நிறுத்தும்போது பெண்கள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேலே கட்டுவார்கள். மஞ்சள் பூசிய நிலையை அப்புறம் யாரும் பிடுங்கக் கூடாது, வீட்டுக்காரரும் வேலைக்காரரும் சண்டை போட்டு மண்டை உடைந்தாலும் எந்தக் கொத்தனாரும் அதன்மேல் கடப்பாரை வைக்கமாட்டான். அந்தக் கட்டடத்தின் முதல் நிலையை ஒன்பதாம் மாடி வீட்டில்தான் வைத்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று பூசாரி பறந்தார், சுவர் எழும்பாத தளத்தில் மூன்று நிலைகள் ஒரே மாதிரி நின்றன, ஒடிசாவிலிருந்து வந்த தச்சன் பிகாஷுக்கு எங்கள் வழக்கம் தெரியாது, தான் தூக்குக்குண்டு பார்த்து முடித்திருந்த நிலையைக் கை காட்டினான், காசாம்பு அதற்கு மஞ்சள் பூசினாள், மற்ற பெண்கள் குலவை போட்டார்கள். சுவர் எழும்பிய பிறகுதான் அது குளியலறை நிலை என்று தெரிந்தது. “யாரும் வாயத் தொறக்கக் கூடாது,” என்று மேஸ்திரி சொல்லிவிட்டார், நாங்களும் திறக்கவில்லை. தலைவாசல் மரியாதை வாங்கிக்கொண்ட அறை வாசலாகத்தானே நடந்துகொள்ளும், வந்தவர்களை வா என்று கூப்பிடத்தானே செய்யும் என்று பெண்கள் சொன்னார்கள். எனக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

நாள்தோறும் காலை டீக்குப் பிறகு அது வந்தது, பொழுது சாய்ந்ததும் மேலே போனது. முதல் வாரத்திலேயே அதைச் சுற்றி எல்லா ஒழுங்கும் உண்டாகிவிட்டது, யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாமலே. காசாம்புக்கு எப்போதும் முதலிடம், பிறகு மாதவிலக்கான பெண்கள், பிறகு மற்ற பெண்கள், சாப்பாட்டு நேரத்துக்கு மேல் ஆண்கள். செருப்பை வெளியே விடுவதா உள்ளே போட்டுக்கொண்டு போவதா என்று இரண்டு நாள் தகராறு நடந்து, செருப்பு வெளியே என்று தீர்ந்தது, அதனால் அந்த வாசலில் கல்யாண மண்டபம் போல எந்நேரமும் செருப்புக் கிடந்தது. வெள்ளிக்கிழமை யாரோ குழாயில் கனகாம்பரம் சுற்றினார்கள். “கக்கூசுக்குப் பூ வைக்கிறீங்களேம்மா,” என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார், அடித்துக்கொண்ட கையாலேயே போகும்போது கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆபீசில் பில் எழுதும் பையன் ஒருவன் தலை சீவ உள்ளே போய், தரையெல்லாம் வெற்றிலைச் சாறு துப்பி வைத்தான். அவன் தேய்த்துக் கழுவுகிற வரைக்கும் கதவு திறக்கவில்லை, வெளியே நின்று நாங்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னோம்.

மேல்மாடிகளில் வேலை நடக்கும் நாட்களில் அது அந்தந்த மாடியில் போய் நின்றது. மழை வந்தால் நனையாத இடமாகப் பார்த்து ஒதுங்கியது. நாங்கள் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தோம் என்று பீற்றிக்கொள்ளமாட்டேன், ஆனால் சைட்டின் சத்தம் மாறிவிட்டது. பகலில் தண்ணீர் குடிக்கிற பெண்களின் குரல் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. கலவை ஏற்றும்போது பாடினார்கள், சாரத்துக்கு மேலிருந்து கீழே இருப்பவர்களைக் கேலி செய்தார்கள், சாயங்காலம் தலைவலி என்று யாரும் சுருண்டு படுக்கவில்லை. காசாம்பு மாத்திரை விழுங்குவது போல மணிக்கொரு சொம்பு குடித்தாள். அடுத்த ஸ்கேனில் தண்ணீர் ஏறியிருந்தது. டாக்டரம்மா, “இப்ப குடிக்கிற, தெரியுது,” என்றாராம். அன்று வேடியப்பன் எல்லாருக்கும் பால் கோவா வாங்கி வந்தான், அறை வாசலிலும் ஒரு துண்டு வைத்தான்.

இன்ஜினியர் ஹேமலதா ஒன்பதாம் மாடியைப் பார்வையிடப் போனபோது, குளியலறை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, ஒரு வெட்டவெளியும், அதற்குக் கீழே சதுப்பும், சதுப்பில் நாரைகளும்தான் இருந்தன. அவள் படிப்பு முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவசரமென்றால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தொலைவிலிருக்கும் பெட்ரோல் பங்குக்குப் போய்வருவாள், அங்கேயும் சமீபத்தில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கீழே இறங்கி வந்து அறையைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“நீங்க முன்னாடி போங்க மேடம்,” என்று பெண்கள் விலகினார்கள்.

“பரவால்லக்கா, வரிசையிலயே வர்றேன்,” என்று அவள் கடைசியில் நின்றுகொண்டாள். மேலே ஓர் அறை குறைகிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எத்தனை நாள் மறைப்பது? புராஜெக்ட் மேனேஜர் ஜெயசீலன், அந்த வீட்டை வாங்கிய அம்மாளை அழைத்துக்கொண்டு ஒன்பதாம் மாடிக்குப் போனார். படுக்கையறைச் சுவரில் வானம் தெரிந்தது. “இது பால்கனியா?” என்று அந்த அம்மாள் கேட்க, “ஆமாம்மா, உங்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா,” என்று சொல்லிவிட்டார் மனுஷர், அந்தச் சமயோசிதத்துக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த அம்மாள் காரில் ஏறியதும் எங்களிடம் வந்தார்.

“யார்ரா எறக்குனது?”

“அதுவா எறங்கிச்சு சார்,” என்றார் மேஸ்திரி.

“அதுவா எப்படிய்யா எறங்கும்?”

“சாரத்தப் புடிச்சுக்கிட்டு சார்.”

ஜெயசீலன் கெட்டவர் இல்லை. ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் பொரி கொடுப்பார், யாருக்காவது அடிபட்டால் தன் காரிலேயே கூட்டிப்போவார். சாஸ்திரம் பார்க்காமல் ஒரு செங்கல் வைக்கமாட்டார். ஆனால் விற்ற அறை விற்ற இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு அதைவிடப் பெரிய சாஸ்திரம். அன்று பொழுது சாய்ந்து அறை மேலே போய்த் தன் இடத்தில் பொருந்தியதும், நாலு மூலையிலும் கம்பி கட்டிக் கான்கிரீட் போடச் சொன்னார். கம்பி கட்டும் வேலை வேடியப்பனிடம் வந்தது.

“நீங்களே கட்னீங்களா மாமா?” என்று காசாம்பு கேட்டாள்.

“கட்டச் சொன்னாங்க.”

“கெட்டியாவா கட்னீங்க?”

“எனக்கு லூசா கட்டத் தெரியாதே காசாம்பு,” என்றான் அவன். தன் கையையே அவனால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை டீ முடிந்தது, கலவை மெஷின் சுற்றியது, அறை வரவில்லை. மேலே அது அசைந்து பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது, கட்டிப்போட்ட மாடு கயிற்றை இழுப்பது போல. புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றார்கள், தண்ணீர் விடுகிறவள் காசாம்பு. எட்டாம் மாத வயிற்றோடு ஒன்பது மாடி ஏறிப்போய், அறையைப் பிணைத்திருந்த கான்கிரீட் நன்றாக இறுகட்டும் என்று அவள் தன் கையாலேயே டியூபைப் பிடித்தாள். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. “அழுவாத,” என்று அவள் சுவரைத் தடவிக் கொடுத்ததை நான் பக்கத்து அறையில் டைல்ஸ் வெட்டிக்கொண்டே பார்த்தேன். அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அவள் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்தாள், கன்னத்துக்குக் கன்னம் சுழற்றினாள், துப்பினாள்.

பெண்கள் மறுபடியும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பாட்டு நின்றது. ஹேமலதா ஆபீசுக்குள் போய் ஜெயசீலனிடம் ஏதோ சத்தமாகப் பேசினாள், சிவந்த முகத்தோடு வெளியே வந்தாள். காசாம்புவின் கால்கள் வீங்கின. இன்னும் சில நாள் போய், வெயில் உச்சிக்கு ஏறிய ஒரு நேரத்தில், அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைத்தாங்கலாகத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுவந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள்.

“காலையிலேருந்து அசையலக்கா,” என்றாள் அவள், நாகபூஷணத்தின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து. “நேத்து ராத்திரி அசைஞ்சுது. காலையிலேருந்து இல்ல.”

அதைக் கேட்டதும் வேடியப்பன் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். ஹேமலதா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள், பெரிய சாலையில் நெரிசல், வந்துகொண்டே இருக்கிறோம் என்றார்கள். நாகபூஷணம் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து காசாம்புவின் தலையைத் தூக்கி வாயில் ஊற்றினாள். அவள் குடிக்கத்தான் நினைத்தாள், எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் வாய் தன் பழக்கத்துக்கு நீரைச் சுழற்றித் துப்பிவிட்டது. இன்னொரு வாய் ஊற்றினாள், அதையும் துப்பியது. “முழுங்குடி, என் கண்ணில்ல, முழுங்குடி,” என்று நாகபூஷணம் கெஞ்சினாள். காசாம்பு தன் வாயாலேயே ஏமாற்றப்பட்டவளாக எங்களைப் பார்த்தாள், அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வந்ததால்தான் முதலில் பார்த்தது நான். இருபத்தோராம் மாடியிலிருந்து ஒரு குளியலறை சாரத்தில் காலை வைத்தது. அதன் பின்னால் இருபதாம் மாடியிலிருந்து இரண்டு, பதினெட்டிலிருந்து மூன்று, அதற்குக் கீழே ஒரு மாடி விடாமல், வெள்ளை டைல்ஸ் அறைகளும் பழுப்பு டைல்ஸ் அறைகளும், தொட்டி வைத்த பெரிய அறைகளும் வேலைக்காரிக்கென்று ஒதுக்கிய சின்ன அறைகளும், பூட்டிய பூட்டோடும் ஒட்டிய ஸ்டிக்கரோடும், கட்டடத்தின் நாலு பக்கமும் இறங்கின. ஒன்றையொன்று இடிக்கவில்லை, ஒன்றுக்கொன்று வழி விட்டன, சாரக் கட்டைகள் முனகின, ஆனால் ஒரு முடிச்சுக்கூட அவிழவில்லை. கடைசியில் ஒன்பதாம் மாடி அறை நாலு மூலையிலும் கம்பியும் கான்கிரீட்டும் தொங்கத் தொங்க இறங்கி வந்தது. வேடியப்பன் கட்டிய கட்டு அப்படியே இருந்தது, சுவர்தான் அதோடு சேர்ந்து பெயர்ந்து வந்திருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குப் பக்கத்தில் பிகாஷ் முழங்காலில் நின்றான்.

சைட்டில் இடம் போதவில்லை. கேட்டைத் தாண்டிச் சாலை ஓரம் நெடுக நின்றன. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒன்று நின்றது, அதற்குள் ஒரு பெண் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் போனாள், பஸ்சில் இருந்தவர்கள் பேசாமல் காத்திருந்தார்கள். கீரை விற்கும் அம்மாளுக்கு ஒன்று, வெயிலில் நின்ற டிராபிக் போலீஸ் பெண்ணுக்கு ஒன்று, குப்பை வண்டிக்காரிகளுக்கு ஒன்று என்று எல்லாப் பூட்டும் திறந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் கட்டடம் எலும்பும் ஓட்டையுமாக நின்றது, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது.

ஒன்பதாம் மாடி அறை கொட்டகை வாசலுக்கு வந்து கதவைத் திறந்து வைத்தது. காசாம்பு படுத்தபடியே அதைப் பார்த்தாள். நாகபூஷணம் மறுபடி சொம்பை எடுத்தாள்.

“வேணாக்கா. நாளைக்கு மறுபடி கட்டிப்போட்டுருவாங்க,” என்றாள் காசாம்பு. “என் வாயிக்கு அது தெரியுது.”

ஜெயசீலன் ஓடி வந்தார். ஒவ்வோர் அறையாகப் போய்க் கைகூப்பி, தயவுசெய்து மேலே போங்கள் என்று கேட்டுவிட்டு வந்திருந்தார், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. “யம்மா, நீ சொன்னா கேக்கும், போகச் சொல்லும்மா,” என்றார்.

“நாங்க வரச் சொல்லலியே சார், போகச் சொல்றதுக்கு,” என்றாள் நாகபூஷணம். “ஒரு நெலைக்குத் தெரியாம மஞ்ச பூசுனோம், அதுக்கே அது இத்தன மரியாத காட்டுது. நீங்க தெரிஞ்சே எங்களுக்குன்னு ஒரு நெலைக்குப் பூசுங்க.”

“கட்டித் தர்றேன்மா. அடுத்த வாரம் கண்டிப்பா…”

“அடுத்த வாரம் இல்ல,” என்று ஹேமலதா குறுக்கிட்டாள். “இப்ப. நிலைய மட்டும் இப்ப நிறுத்துங்க சார், சுவர நாங்க சாயங்காலத்துக்குள்ள எழுப்பிருவோம்.”

ஜெயசீலன் காசாம்புவைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், அங்கே அசைவில்லை என்பது அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. “நல்ல நேரம்…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். பிகாஷ் ஒரு நிலையைத் தோளில் தூக்கி வந்தான், தேக்கு நிலை, யாருடைய தலைவாசலுக்கோ வந்தது. கொட்டகைக்கு எதிரே, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் குழி பறித்தார்கள், வேடியப்பன் கையாலேயே பறித்தான் பாதியை. மேனேஜர் ஒரு காலையும் மேஸ்திரி ஒரு காலையும் பிடித்துக்கொள்ள, ஹேமலதா தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாள். நாகபூஷணம் தன் சமையல் டப்பாவிலிருந்து மஞ்சளை எடுத்துக் குழைத்து, “நீங்களே பூசுங்க சார்,” என்று நீட்டினாள். அவர் பூசினார். உச்சியிலிருந்து அடி வரைக்கும், இரண்டு காலுக்கும், ஓர் இடம் விடாமல் பூசினார். பெண்கள் குலவையிட்டார்கள், சாலை ஓரத்து அறைகளிலிருந்து வெளியே வந்த முன்பின் தெரியாத பெண்களும் சேர்ந்து குலவையிட்டார்கள்.

இனி அதை யாரும் பிடுங்க முடியாது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும்.

காசாம்பு எழுந்து உட்கார்ந்தாள். சுவரில்லாத, கதவில்லாத அந்த நிலையை, அதன் ஈர மஞ்சளை, வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள், நாகபூஷணம் சொம்பைக் கொடுத்தாள். அவள் அண்ணாந்து ஊற்றினாள். முதல் வாய் கன்னத்தில் நின்றது, நாங்கள் மூச்சை நிறுத்தினோம், பிறகு அவள் தொண்டை ஏறி இறங்கியது.

மாடியிலிருந்து ஓர் அறை நடந்து வந்தபோது கலவை மெஷினைக்கூட நிறுத்தாத நாங்கள், கட்டடத்தின் குளியலறைகள் எல்லாம் சாரம் பிடித்து இறங்கியபோதும் அது அதன் வேலை என்று இருந்த மேஸ்திரி, பஸ்சில் இருந்தவர்கள், போலீஸ்காரப் பெண், எல்லாரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம். நட்ட நடுப்பகலில், அத்தனை பேர் முன்னால், ஒரு சித்தாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் வழிந்தது, ஜாக்கெட் நனைந்தது, அவள் நிறுத்தவில்லை. வேடியப்பன் மண்ணோடு இருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். எங்கோ தூரத்தில் ஆம்புலன்ஸ் ஊளையிட்டது.

சொம்பு காலியானது. காசாம்பு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள், நாங்களும் காத்திருந்தோம். திடீரென்று அவள் புருஷனின் கையை இழுத்து, மண்ணும் சேறுமாக அப்படியே தன் விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது.

அவள் சொம்பை நீட்டினாள். “இன்னொன்னு ஊத்துக்கா,” என்றாள்.